வைத்தியர் காணாததை நாம் சொல்ல வேண்டும்

கைத்தொலைபேசியில் வைத்திய ஆலோசனை பெறுவது பற்றிய குழுப் பாடம்



இம்முறை பாடம் நம் எல்லோருடைய சட்டைப் பையிலும் சேலைத் தலைப்பிலும் இருக்கும் ஒரு கருவியைப் பற்றியது. அது கைத்தொலைபேசி. விதைநெல் விலை கேட்கவும், வெளிநாட்டில் உள்ள பிள்ளையோடு பேசவும், மழை வருமா என்று பார்க்கவும் அதைப் பயன்படுத்துகிறோம். இப்பொழுது வருத்தம் வந்தாலும் அதிலேயே வைத்தியரோடு பேசுகிறோம். முகம் பார்த்துப் பேசவும் வசதி உண்டு.

இது நல்லதா, கெட்டதா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்வெட்டியைப் போலத்தான் இதுவும். பிடிக்கத் தெரிந்தவனுக்கு உதவும். தெரியாதவனின் காலைப் பதம் பார்க்கும். ஆகவே இப்பாடத்தில் மூன்று விடயங்களைக் கற்போம்.

1. எந்த வருத்தத்துக்குப் போனில் கேட்கலாம்?
2. எந்த வருத்தத்துக்குக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?
3. போனில் பேசும்போது எவற்றைச் சொல்ல வேண்டும்?

ஒரு வீட்டின் கதை

தேற்றாத்தீவில் ஒரு வீட்டை மனதில் எண்ணிக்கொள்வோம். அந்தக் குடும்பத்தின் ஊர் படுவான்கரையில். 2007 மார்ச் மாதத்தில் சண்டை மூண்டபோது வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்த பெருந்தொகையானவர்களில் அவர்களும் அடக்கம். முகாம்கள் மூடப்பட்ட பிறகும் இவர்கள் திரும்பவில்லை. உறவினரின் வளவில் ஒரு மூலையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வயல் மட்டும் அக்கரையில் இருக்கிறது. விதைப்புக் காலத்தில் கணவர் வட்டைக்குப் போய் வாடியில் தங்கி வேலை செய்துவிட்டு வருவார்.

கார்த்திகை மழை. வட்டையிலிருந்து திரும்பிய கணவருக்குக் காய்ச்சல். இரண்டு நாளாகியும் விடவில்லை. ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் கூலியும் போய்விடும், காசும் போய்விடும் என்று அவர் மறுக்கிறார். மனைவி போனில் ஒரு வைத்தியரைப் பிடிக்கிறார்.

“டொக்டர், இவருக்கு ரெண்டு நாளாய்க் காய்ச்சல்.”

“உடம்பு நோவு இருக்கா அம்மா? தலையிடி?”

“ஓம் டொக்டர், உடம்பெல்லாம் நோகுது என்கிறார்.”

“இருமல், தடிமன்?”

“கொஞ்சம் இருக்கு.”

“வைரஸ் காய்ச்சல் போலத் தெரியுது. பனடோல் குடுங்க, தண்ணி ஆகாரம் நிறையக் குடுங்க. நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிச்சுப் பாருங்க.”

பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மனைவிக்கு நிம்மதி. கணவருக்கும் நிம்மதி. மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது போல இருந்ததால் இரத்தம் சோதிக்கவும் போகவில்லை.

நாலாம் நாள் குடும்பநல உத்தியோகத்தர் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் சுருண்டு கிடக்கும் மனிதரைக் காண்கிறார்.

“என்ன தங்கச்சி, இவருக்கு என்ன?”

“காய்ச்சல் மிஸ். டொக்டரோட போன்ல கதைச்சனான். வைரஸ் என்றார்.”

“இவர் வட்டைக்குள்ள இறங்கினவரா?”

“ஓம் மிஸ், ரெண்டு கிழமையாய்ச் சேத்துக்குள்ளதான்.”

“டொக்டரிட்டச் சொன்னீங்களா?”

“அவர் கேக்கல்ல மிஸ்.”

அவர் குனிந்து பார்க்கிறார். கண் இரண்டும் சிவந்திருக்கின்றன. கெண்டைக்காலைத் தொட்டதும் மனிதர் துடிக்கிறார். குதிக்காலில் வரம்பு வெட்டியபோது பட்ட காயம் ஆறாமல் இருக்கிறது. “சலம் எப்படிப் போகுது?” என்று கேட்டால், “நேத்திலிருந்து குறைவு” என்று பதில் வருகிறது. உடனே 1990க்கு அழைப்பு எடுக்கப்படுகிறது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் சேர்க்கிறார்கள். எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்து மருந்து தொடங்குகிறார்கள். சிறுநீரகம் முற்றாகப் பழுதாக முன்னர் மனிதர் தப்பிக்கொள்கிறார்.

இக்கதையில் யாரைக் குறை சொல்வது? வைத்தியர் தொழிலைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மனைவி சேற்றைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் அதே மனிதர் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்கு முன்னால் போய் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சிவந்த கண்ணை வைத்தியர் கண்டிருப்பார். காலின் காயத்தையும் நகக்கண்ணில் ஒட்டிய சேற்றையும் கண்டிருப்பார். சொல்லாமலே பாதி விடயம் வெளிப்பட்டிருக்கும்.

இதுதான் இன்றைய பாடத்தின் மையம். போனில் பேசும் வைத்தியருக்குக் காது மட்டுமே இருக்கிறது. அவருடைய கண்ணும் கையும் நாம்தான்.

எலிக்காய்ச்சல் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் வடக்கிலும் கிழக்கிலும் வயல்களும் வீதிகளும் நீரில் மூழ்கின. அடுத்த மாதம், டிசம்பரில், யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் கண்டு சிலர் இறந்தனர். முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியவில்லை. பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலி முதலிய விலங்குகளின் சலம் கலந்த நீரும் சேறும் காயத்தில் படும்போது கிருமி உடலுக்குள் போகிறது. சேற்றில் இறங்கி ஒன்று, இரண்டு கிழமை கழித்தும் காய்ச்சல் வரலாம். ஆகையால் “இன்றைக்கு வட்டைக்குப் போகவில்லையே” என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. கடந்த ஒரு மாதத்துக்குள் சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

தூரத்திலிருந்து வைத்தியம் புதிய காரியமல்ல

போனில் வைத்தியம் கேட்பது நேற்று முளைத்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் மாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருந்தன. அங்கே வருத்தம் வந்தவர்கள் வைத்தியரைக் காணாமலே இறந்துபோனார்கள். இதைக் கண்டு வருந்திய ஜோன் பிளின் என்ற திருச்சபைப் போதகர் 1928ஆம் ஆண்டில் பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடக்கினார். பண்ணை வீட்டாருக்கு வைத்தியரை அழைக்க ஒரு வழி வேண்டுமே? அதற்காக அல்பிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்துகொடுத்தார்.

1942 முதல் அப்பண்ணைகளுக்கு ஒரு மருந்துப் பெட்டி கொடுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். மனித உடலின் படம் ஒன்றும் பின்னர் வந்தது. அதிலும் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கம். “இன்ன இலக்கத்தில் நோகிறது” என்று வீட்டார் சொல்வார்கள். “இன்ன இலக்க மருந்தைக் கொடு” என்று வைத்தியர் சொல்வார். நோவின் இடத்தைச் சொல்லத் தெரியாமல் தடுமாறினால் உயிர் போகும் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. ஆகவே கருவியோடு சேர்த்து, சொல்லும் முறையையும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம்மிடம் கருவி வந்துவிட்டது. சொல்லும் முறைதான் இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் வைத்தியசாலை, 2004ஆம் ஆண்டளவில் தேனிப் பகுதியில் கிராமப்புறப் பார்வை நிலையங்களை இணைப்பு மூலம் நடத்தத் தொடங்கியது. சிறு பட்டணத்தில் உள்ள நிலையத்துக்கு நோயாளி போவார். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுப்பார். தூரத்து வைத்தியசாலையில் இருக்கும் வைத்தியர் அதைப் பார்த்து நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமா, சத்திரசிகிச்சைக்கு வர வேண்டுமா என்று சொல்வார். இன்று அத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. இது ஏன் வெற்றி பெற்றது? நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார் என்பதே காரணம். நம்முடைய கதையில் அந்த இடத்தில் நின்றவர் குடும்பநல உத்தியோகத்தர்.

நம் நாட்டில் பலர் இந்த வழியை அறிந்தது 2020ஆம் ஆண்டில். கொரோனா காரணமாக மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. சீனி வருத்தக்காரரும் பிரஷர்காரரும் கிளினிக்குக்குப் போக முடியவில்லை. அவர்களுடைய மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்ப அரசாங்கம் ஏற்பாடு செய்தது. ஓடொக், டொக்990 போன்ற சேவைகள் மூலமாகவும் ஆட்கள் வைத்தியர்களோடு பேசினார்கள். அதே மாதம் 25ஆம் திகதி இந்தியாவில் இதற்கென விதிமுறைகள் வெளியாயின. போனில் பேசும் வைத்தியர் தன் பதிவு இலக்கத்தை நோயாளிக்குத் தெரியப்படுத்த வேண்டும். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று கருதினால் நேரில் வரச்சொல்ல வேண்டும். அவசர வருத்தமென்றால் முதலுதவி சொல்லி உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பன அவற்றில் சில. “நேரே வாருங்கள்” என்று சொல்லும் வைத்தியர் நம்மைத் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம். அவர்தான் தன் கடமையைச் செய்கிறார்.

போனை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டிய வேளைகள்

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் போனில் ஆலோசனை கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. அதற்குக் காசு இல்லை. அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமாயின் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள்.

• பாம்புக்கடி. கடித்த கால் அல்லது கையை அசைக்காமல் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். இறுக்கிக் கட்டவோ, வெட்டவோ, உறிஞ்சவோ கூடாது. பாம்பைத் தேடி அடிக்க நேரத்தைச் செலவிட வேண்டாம். கட்டுவிரியன் கடித்த இடம் நோகாமலும் இருக்கலாம். வாடியில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று நோவு என்று எழும்பினாலோ, கண் இமை தூக்க முடியாமல் இருந்தாலோ பாம்புக்கடியையும் நினைக்க வேண்டும்.

• பூச்சிமருந்து, களைக்கொல்லி குடித்தல் அல்லது உடலில் ஊற்றுண்டல். போத்தலை அல்லது அதன் லேபலைக் கையோடு கொண்டுபோங்கள்.

• நெஞ்சு நோவு, நெஞ்சை அழுத்துவது போன்ற உணர்வு, அதோடு வியர்வை அல்லது மூச்சுத் திணறல். வாய்வு என்று இஞ்சி குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும், போனில் அதை எடுக்க முடியாது.

• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல். பாரிசவாதத்துக்கான மருந்தைச் சில மணி நேரத்துக்குள்தான் கொடுக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நன்றாக இருந்தார் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

• காய்ச்சலோடு ஓயாத சத்தி, கடும் வயிற்று நோவு, எங்காவது இரத்தம் கசிதல், கை கால் குளிர்தல், சலம் குறைதல், ஆள் சோர்ந்து கிடத்தல். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளையாகலாம். காய்ச்சல் விட்டதே என்று மகிழ்ந்து ஏமாறக் கூடாது.

• கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலையிடி, கண் மங்குதல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல்.

• குழந்தை பால் குடிக்காமை, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபடுதல். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வேறு அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

போனில் கேட்கக்கூடியவை

இவற்றைப் பார்த்துப் போனே வேண்டாம் என்று முடிவுசெய்ய வேண்டியதில்லை. வாவிக்கு அப்பால் வாடியில் இருப்பவருக்கும், வெள்ளத்தால் வீதி அடைபட்டவருக்கும், நடக்க இயலாத முதியவருக்கும் போன் பெரிய உதவி. கீழே உள்ளவற்றை நம்பிக்கையோடு கேட்கலாம்.

• கிளினிக்கில் ஏற்கெனவே பார்த்துவரும் வருத்தம் பற்றிய சந்தேகங்கள். குளிசை மாறிவிட்டது, ஒரு வேளை தவறிவிட்டது போன்றவை.
• இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பி விளக்கம் கேட்டல்.
• புதிய மருந்து குடித்த பின் வந்த சொறி, தலைச்சுற்று. ஆனால் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.
• தோலில் உண்டாகும் சிறிய வருத்தங்கள். வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பலாம்.
• உணவுக் கட்டுப்பாடு, காயத்தைச் சுத்தம் செய்யும் முறை.
• மனக் கவலை, நித்திரையின்மை. இடம்பெயர்ந்த நம்மில் பலர் இவற்றை வெளியில் சொல்வதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம். தன்னை மாய்க்கும் எண்ணம் யாரிடமாவது தென்பட்டால் அவரைத் தனியே விடக் கூடாது.
• எல்லாவற்றிலும் பயனுள்ள கேள்வி இது: “டொக்டர், இவரை நான் கூட்டிவர வேணுமா? எவ்வளவு நேரத்துக்குள்ள?”

பேசுவதற்கு முன் ஆறு ஆயத்தங்கள்

ஒரு கடதாசித் துண்டில் இவற்றை எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்.

ஒன்று: யார்? வயது, நிறை, ஆணா பெண்ணா, கர்ப்பிணியா, பால் கொடுப்பவரா. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு: எப்போது தொடங்கியது? “கொஞ்ச நாளாய்” என்று சொல்ல வேண்டாம். “செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொடங்கியது” என்று சொல்லுங்கள். டெங்குக்கு இரத்தம் சோதிப்பதும் எத்தனையாம் நாள் என்பதைப் பொறுத்தது.

மூன்று: என்ன தொழில்? எங்கே இருந்தார்? சேறு, வெள்ளம், நாசினி தெளித்தல், பாம்பு உள்ள இடம், பக்கத்து வீட்டில் டெங்கு, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நான்கு: எண்ணி அளந்தவை. வெப்பமானி இருந்தால் காய்ச்சலின் அளவு. ஒரு நாளில் எத்தனை தரம் சலம் போனது, எத்தனை தரம் சத்தி எடுத்தது. சிறு பிள்ளைக்கு இருமல் என்றால், பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40. இவ்வளவோ இதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஐந்து: ஏற்கெனவே உள்ள வருத்தங்கள், குடிக்கும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள். குளிசைகளை முன்னால் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். “வெள்ளைக் குளிசை, சின்னது” என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டு மருந்து குடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

ஆறு: வைத்தியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள். கடைசியில் மறவாமல் கேளுங்கள்: “என்ன கண்டால் நான் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேணும்?”

இந்த ஆறையும் வைத்துக்கொண்டு அதே மனைவி மறுபடியும் அழைப்பதாக எண்ணுவோம்.

“டொக்டர், என்ர வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டு வயது. செவ்வாய் பின்னேரம் காய்ச்சல் தொடங்கினது. ரெண்டு கிழமையாய் வட்டைச் சேத்துக்குள்ள நிண்டவர். குதிக்கால்ல காயம் இருக்கு. கண் சிவந்திருக்கு, கெண்டைக்கால் தொட ஏலாம நோகுது. வேற வருத்தம், மருந்து ஒண்டும் இல்ல.”

“நல்லாச் சொன்னீங்க அம்மா. இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். போன்ல மருந்து சொல்ல மாட்டன். இண்டைக்கே களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. சேறு, காயம் எல்லாத்தையும் அங்கேயும் சொல்லுங்க.”

இந்தப் பேச்சும் இரண்டே நிமிடம்தான். ஆனால் நோயாளிக்கு இரண்டு நாள் மிச்சம். இந்த வருத்தத்தில் இரண்டு நாள் என்பது சிறுநீரகத்தைக் காப்பாற்றும் நாட்கள்.

மருந்தும் காசும்

சில எச்சரிக்கைகள் அவசியம்.

காய்ச்சல் என்றால் புரூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் ஆகியவற்றைத் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை இவை கூட்டும். பனடோலையும் வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. இதய வருத்தத்துக்கு ஏற்கெனவே அஸ்பிரின் குடிப்பவர் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

போனில் ஒருவருக்குச் சொன்ன மருந்தை அடுத்த வீட்டாரும் குடிப்பது, போன வருடத்து மருந்துத் துண்டைப் பார்மசியில் மறுபடியும் நீட்டுவது ஆகிய பழக்கங்களை விட வேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்கும் குளிசையும் அப்படித்தான். விதைப்புக் காலத்தில் ஆபத்துள்ள விவசாயிகளுக்கு அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் இலவசமாகக் கொடுப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் கேளாமல் குடிக்கக் கூடாது.

போனில் பேசுபவர் உண்மையான வைத்தியரா என்று அறிவது நமது உரிமை. பெயரையும் இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கத்தையும் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்பதைப் பேச முன்னரே கேளுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வரும் குறியீட்டையோ எந்த வைத்தியரும் கேட்கமாட்டார். கேட்டால் அவர் வைத்தியர் அல்லர். சீனி வருத்தத்தை ஒரே மாதத்தில் முற்றாக மாற்றுகிறோம் என்று போனில் மருந்து விற்பவர்களை நம்பி கிளினிக் மருந்தை நிறுத்தியவர்கள் பெரும் ஆபத்தில் வீழ்வார்கள்.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைப் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. போனில் பேசக் கட்டணம், பிறகு பார்மசியில் மருந்துக்குக் காசு என்று கூட்டிப் பார்த்தால், தேற்றாத்தீவிலிருந்து களுதாவளையைத் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குப் போகும் பஸ் காசு சிறியதாகத் தெரியலாம். வைத்தியசாலை பக்கத்தில் இருப்பவருக்குப் போன் முதல் வழியல்ல. தூரத்தில் இருப்பவருக்கே அது பாலம்.

கிளினிக் கொப்பி: இடம்பெயர்ந்தவரின் இரண்டாவது அடையாள அட்டை

நம்மில் பலர் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியைத் தேடினோம், நகையைத் தேடினோம். கிளினிக் கொப்பியை எடுக்க நினைக்கவில்லை. பல வருடங்களாக நம்மைப் பார்த்த வைத்தியர் ஓர் ஊரில். நாம் வேறோர் ஊரில். புதிய வைத்தியருக்கு நம்மைத் தெரியாது. போனில் பேசும் வைத்தியருக்கு நம் முகமே தெரியாது. அந்தக் கொப்பி ஒன்றுதான் நம் உடம்பின் கதையை அவருக்குச் சொல்லும்.

அதனால் இன்றே இதைச் செய்யுங்கள். கிளினிக் கொப்பி, குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு, கர்ப்பிணிப் பதிவேடு, கடைசியாக எடுத்த ரிப்போர்ட் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள். நம்பிக்கையான இன்னோர் உறவினரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். கொப்பியைப் பொலித்தீன் உறையில் இட்டு, வெள்ளம் வந்தால் கையோடு எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். அட்டையில் பழைய ஊரின் விலாசம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் சொல்லி மாற்றுங்கள். 2020இல் நடந்ததைப் போல மருந்தைத் தபாலில் அனுப்பும் காலம் மறுபடியும் வந்தால், பழைய விலாசத்துக்குப் போகும் மருந்து நம் கைக்கு வராது.

குழுவில் கலந்துரையாடுவோம்

1. கடந்த ஒரு வருடத்தில் நம் குழுவில் யார் யார் போனில் வைத்திய ஆலோசனை பெற்றார்கள்? எவற்றைச் சொல்ல மறந்தார்கள்?
2. நமது வட்டையில் போன் சிக்னல் கிடைக்கும் மேட்டு இடம் எது? வாடியில் தங்குவோர் எல்லோருக்கும் அது தெரியுமா?
3. இரவில் வருத்தம் வந்தால் யாருடைய வாகனம் உதவும்? வெள்ளத்தால் பாதை அடைபட்டால் மாற்று வழி எது?
4. போன் இல்லாத, அல்லது பேசத் தயங்கும் முதியவருக்காகப் பேசப்போவது யார்?

செயற்பாடு

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் வைத்தியர், மற்றவர் நோயாளியின் வீட்டார். முதுகோடு முதுகு திரும்பி இருந்து பேசுங்கள். முகம் பார்க்கக் கூடாது. வீட்டார் தான் சொல்வதை ஆறு ஆயத்தங்களின்படி சொல்ல வேண்டும். முடிந்ததும் வைத்தியராக இருந்தவர் தனக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று குழுவுக்குக் கூறட்டும். மூன்று தரம் செய்து பார்த்தால் எவருக்கும் பழகிவிடும்.

பிறகு 1990, 1926 என்ற இலக்கங்களையும், குடும்பநல உத்தியோகத்தரின் இலக்கத்தையும், வாகனம் உள்ள ஒருவரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். போனுக்குள் மட்டும் இருந்தால் போதாது. வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளை பார்த்து அழைக்கும்படியாக அது சுவரில் இருக்கட்டும்.